ஸ்டெல்லா மேரி, லைன்ல இருக்கியா?

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு, வரிசை எண் முப்பத்தொன்று, ஜே. ஸ்டெல்லா மேரிக்கு ஓர் அநியாயம் நடந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று போட்டு, ஐந்து மாதம் அலுக்காமல் போட்டு, கடைசியில் அந்த ஆப்சென்ட்களையே காரணம் காட்டி அவளைப் பள்ளி வாசலில் தடுத்து நிறுத்தினார்கள். 'நிறுத்தினார்கள்' என்று பன்மையில் எழுதுவது என் கோழைத்தனம். நிறுத்தியது நான்.

ஆன்லைன் வகுப்புக்கு வருகைப் பதிவு எடுப்பது, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரியான வேலை. வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். வராதவர்களை மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு எப்படி என்று நம்மை யாரும் கேட்க மாட்டார்கள். "மிஸ், கேக்குதா?" "கேக்குது, தெரியல." "மிஸ், தெரியுது, கேக்கல." ஊரடங்குக் காலத்தில் இந்த மூன்று வாக்கியங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தலைமுடி உதிர்ந்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். நீங்களும் அதில் ஒருவர் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். முகக்கவசம் கட்டாயமில்லை.

வேலை கிடைத்த விதம்

பல்கலைக்கழக விடுதியைக் காலிசெய்யச் சொன்னதும் பெட்டியோடு திருப்போரூர் வீட்டுக்கு வந்து விழுந்தேன். எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் ஆண்டு. வீட்டில் விவாதம் பண்ணுவதற்கு அப்பா, அம்மா, தம்பி என்று மூன்றே பேர். மூன்றாவது வாரத்தில், நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் அவர்கள் அடுத்த அறைக்குப் போக ஆரம்பித்தார்கள். கோவளத்தில் ஒரு பள்ளியில் ஆன்லைன் வகுப்புகளைக் கவனித்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்ற தகவலை அப்பாதான் கொண்டுவந்தார். சொல்லி முடிப்பதற்குள் ஸ்கூட்டிச் சாவியையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

பள்ளியின் பெயர் வேண்டாம். கோவளம் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள், கேளம்பாக்கம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், நாவலூர் அடுக்குமாடிப் பிள்ளைகள் எல்லாரும் கலந்து படிக்கிற இடம். தலைமையாசிரியை ஓய்வுபெற ஒரு வருஷம் மீதியிருந்தவர். எல்லாருக்கும் ஹெச்.எம். மேடம். "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார். 'தெரியும்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நானோ, ஆன்லைன் கல்வி என்பதே அடிப்படையில் ஒரு மோசடி, போன் இருக்கிற பிள்ளைக்கு ஒரு பள்ளி, இல்லாத பிள்ளைக்கு ஒரு சுவர் என்று ஆரம்பித்து, கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிஷம் பேசினேன். இந்தப் பத்து நிமிஷத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு எதிராகப் பயன்படும். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "பேச்சு நல்லாத்தாம்மா இருக்கு. மைக்க ஆஃப் பண்ணிட்டு வேலை செய்யத் தெரியுமா?"

கோகுலுக்குப் பதில்

சட்டம் எளிமையானது. காலை ஒன்பது மணிக்கு நான் பெயர் கூப்பிடுவேன். கேமராவில் முகம் தெரிய வேண்டும், வாய் "ப்ரசென்ட் மிஸ்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு 'லைன்ல இருக்கியா?' என்று ஒருமுறை கேட்பேன். ஒன்பது ஐந்துக்குள் பதில் வராவிட்டால் ஆப்சென்ட். சட்டத்தை வகுத்தது நான். அதை நினைத்து அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

கேளம்பாக்கம் கோகுலின் பெட்டியில் ஒரு வாரமாக முகம் இல்லை, மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. கேமரா கோளாறு என்று விட்டுவைத்தேன். குரல் மட்டும் சன்னமாக "ப்ரசென்ட் மிஸ்" என்றது. எட்டாம் நாள் சரித்திர மிஸ் ஒரு கேள்வி கேட்டதற்கு, அந்த மின்விசிறி கடகடவென்று பதில் சொன்னது. தேதி, காரணம், விளைவு, ஒன்றும் பிசகவில்லை. கோகுலை எனக்குத் தெரியும். அவன் அவ்வளவு சரியாகப் பதில் சொல்கிறவன் இல்லை. "கேமராவைத் திருப்பு" என்றேன். திரும்பியது. மடியில் வெண்டைக்காய்த் தட்டு, காதில் மகனுடைய இயர்போன், கையில் அவனுடைய நோட்டு என்று கோகுலின் அம்மா உட்கார்ந்திருந்தார். பின்னால் பாயில் போர்வையோடு ஓர் உருவம். எட்டாவதோடு அந்த அம்மாவின் படிப்பை நிறுத்திவிட்டார்களாம், சரித்திரம் என்றால் உயிராம். நான் குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, இது விதிமீறல், ஆப்சென்ட்தான் போட வேண்டியிருக்கும் என்றேன். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அவனுக்குத் தாராளமா ஆப்சென்ட் போடுங்க மிஸ். எனக்கு மட்டும் ப்ரசென்ட் போட்ருங்க."

தொட்டி மேல் ஒரு வகுப்பு

கணக்கு வாத்தியார் தணிகாசலம் சாருக்கு ஊர் படாளம். ஊரடங்கில் அங்கேயே முடங்கிவிட்டார். வீட்டில் சிக்னல் கிடையாது. வாசலில் அரைக் கோடு, வரப்பில் ஒரு கோடு. ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில்தான் முழுசாக நாலு கோடு. ஆகவே ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு அந்த வருஷத்து அல்ஜீப்ராவைத் தொட்டி உச்சியிலிருந்து கற்றது. சார் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தொட்டிச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதுவார். பின்னணியில் நாற்று நட்ட வயல், மேலே பருந்து. நாவலூர்ப் பிள்ளைகள் அது கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்ட வால்பேப்பர் என்றே நம்பினார்கள்.

ஒருநாள் சார் ஒரு சமன்பாட்டைப் பாதி அவிழ்த்திருந்தபோது கீழேயிருந்து சத்தம் வந்தது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடுகிற ஆபரேட்டர் வந்து நிற்கிறார். ஏணி வேண்டும் என்கிறார். சார், "அஞ்சே நிமிஷம்ப்பா, எக்ஸோட மதிப்பு கெடச்சிடும்" என்கிறார். நாற்பது பிள்ளைகளும் மைக்கை மூடிக்கொண்டு காதைத் திறந்துகொண்டார்கள். அத்தனை மாதத்தில் வகுப்பு அவ்வளவு கவனமாக இருந்து நான் பார்த்ததில்லை. சாருடைய அஞ்சு நிமிஷம் பதினஞ்சானதும் ஆபரேட்டரின் குரல் தெளிவாக, எல்லா வீட்டு ஸ்பீக்கரிலும் ஒலித்தது: "சார், உன் எக்ஸு எங்கியும் ஓடிப்பூடாது. ஊரே குளிக்காம கீது, எறங்கு!"

நாவலூரில் இரண்டு லேப்டாப்

நாவலூர் அர்ஜுன் என் பதிவேட்டின் கதாநாயகன். ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை. எட்டு ஐம்பத்தைந்துக்கே தலைவாரி, விபூதி வைத்து உட்கார்ந்திருப்பான். பக்கத்து மேஜையில் அவன் அப்பா, ஐ.டி. கம்பெனி வேலை. மாதம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "அட்டெண்டன்ஸ் நூறு பர்சென்ட் இருக்குல்ல மிஸ்?" என்று ரசீது கேட்கிற குரலில் கேட்பார்.

அவர் ஒருநாள் இரண்டு லேப்டாப்களில் தப்பானதை ம்யூட் பண்ணிவிட்டார். நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஒரு பெண்ணின் குரல் அவரை வறுத்தெடுக்கிறது. போன வாரமே தர வேண்டியது ஏன் வரவில்லை, சாக்குச் சொல்லாதே, நாளைக்கு முடிக்காவிட்டால் நடப்பதே வேறு. நாவலூர் அப்பா 'எஸ் மேம், எஸ் மேம்' என்கிறார். அவர் தலை குனிந்திருந்த கோணம் எங்கள் வகுப்புக்கு மிகவும் பழக்கமான கோணம். ஓடிப் போய் அப்பாவின் லேப்டாப் சத்தத்தை நிறுத்திய அர்ஜுன், எங்கள் பக்கம் திரும்பி, குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிற முகத்தோடு விளக்கம் சொன்னான்: "எங்கப்பாவும் ஹோம்வொர்க் முடிக்கல மிஸ். அவங்க மிஸ்ஸு ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

கடலிலிருந்து ஒரு ப்ரசென்ட்

இனி நம் ஸ்டெல்லா மேரி. நான் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. தினமும் முப்பத்தொன்று என்று கூப்பிடுவேன், பதில் வராது. குழுவில் 'ஸ்டெல்லா மேரி, லைன்ல இருக்கியா?' என்று போடுவேன், பதில் வராது. ஆப்சென்ட். ஆனால் வீட்டுப்பாடம் மட்டும் தினமும் வந்துவிடும், படம் பிடித்து. எழுத்து முத்து முத்தாக இருக்கும். தாளில் அங்கங்கே ஏதோ பளபளவென்று மின்னும். ஜிகினா ஒட்டி விளையாடுகிறாள் என்று முடிவுகட்டி, 'நோட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்' என்று எழுதினேன்.

ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் பெட்டி திறந்தது. பார்த்தால் மீசையோடு ஒரு முகம். பின்னால் வானமும் தண்ணீரும் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. "மிஸ்சு, நான் ஸ்டெல்லா நைனா பேசறேன். பாப்பா கரையில கீது. போனு என்னாண்ட கீது. வலைய இழுத்துகினு கீறோம், பத்து மணிக்கு வந்துடுவோம். கொஞ்சம் பொறுத்துக்க மிஸ்சு" என்றது அந்த அப்பா முகம். வகுப்பு துள்ளிக் குதித்தது. மீனைக் காட்டச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள், அவரும் ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்கும் சிரிப்பு. ஆனால் சட்டம் இருக்கிறதே! மாணவியின் முகம் தெரிந்தால்தான் ப்ரசென்ட் என்று விளக்கிவிட்டு, ஆப்சென்ட் போட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் 'பின்னணி இரைச்சல் அதிகம்' என்று எழுதினேன். ஆமாம், வங்காள விரிகுடாவை நான் அப்படித்தான் பதிவு செய்தேன். துண்டிப்பதற்கு முன் அவர் சமாதானமாகச் சொன்னார்: "மூஞ்சிதான மிஸ்சு வோணும்? என் மூஞ்சியும் அது மூஞ்சியும் ஒண்ணுன்னு ஊரே சொல்லுது. இதப் பாத்துப் போட்டுக்க."

நான் ஜெயித்த வாதம்

பிறகு ஊரடங்கு தளர்ந்தது. ஒன்பதாம் வகுப்பைத் திறக்கலாம், பெஞ்சுக்கு ஒருவர், வகுப்புக்கு இருபது பேர், மீதி இருபது பேர் அடுத்த உத்தரவு வரை வீட்டிலிருந்தே. யார் அந்த இருபது? ஆசிரியர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கூட்டம் போட்டோம். ஹெச்.எம். மேடம், ஒற்றைப்படை எண்களைக் கூப்பிடலாம் என்றார். படாளத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த தணிகாசலம் சார், பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் நடந்தே வரட்டும், பஸ்ஸில் கூட்டம் சேராது என்றார். எவ்வளவு நல்ல யோசனை! அதை நான் உடைத்தேன்.

எழுந்து நின்று பேசினேன். ஐந்து மாதம் தவறாமல் வந்த பிள்ளைக்கும், வராமலே இருந்த பிள்ளைக்கும் ஒரே வரிசையா? அக்கறை காட்டியவர்களுக்கு மரியாதை வேண்டாமா? வருகைப் பதிவை வைத்து மேலிருந்து இருபது பேர், இதுதான் நியாயம், இதுதான் சமத்துவம் என்றேன். சமத்துவம் என்ற சொல்லை மூன்று முறை சொன்னேன். எதிர்த்துப் பேச யாருக்கும் தெம்பில்லை, முகக்கவசத்துக்குள் அவ்வளவு மூச்சு கிடையாது. பட்டியலை நானே தயாரித்தேன். அதிக வருகை மேலே, குறைந்த வருகை கீழே. மேல் பாதி பச்சை, கீழ் பாதி சிவப்பு. உச்சியில் அர்ஜுன். அடியிலும் அடியில் ஸ்டெல்லா மேரி. அவளுக்கு மேலே, ஒன்பது மணிக்குள் எழுந்தே பழகாத கோகுல். மேடம் கையெழுத்துப் போட்டார். தணிகாசலம் சார் மட்டும் வெளியே வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீங்க பேசறப்ப எல்லாம் சரின்னுதாம்மா தோணுது. வூட்டுக்குப் போனப்பறம்தான் இன்னா தப்புன்னு புரியுது."

காலி பெஞ்சுகள்

வியாழக்கிழமை பள்ளி திறந்தது. இருபது பெஞ்சில் நம்பர் ஒட்டி, சானிடைசர் வைத்து, வாசலில் வட்டம் போட்டு, நான் வகுப்பறைக்குள் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பவள் மாதிரி நின்றேன். வந்தது ஏழு பேர். அர்ஜுன் வீட்டுக்குப் போன் போட்டேன். அவன் அப்பா, "ஃபர்ஸ்ட் லிஸ்ட்ல வந்துட்டான்ல மிஸ், அது போதும். நேர்லல்லாம் அனுப்பறதா இல்ல, பயமா இருக்கு. ஆன்லைன்லயே சூப்பரா போகுதே" என்றார். மற்ற பச்சை வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே பதில். யோசித்துப் பார்த்தால், வீட்டிலேயே எல்லா வசதியும் இருந்ததால்தான் அந்தப் பிள்ளைகள் பச்சையில் இருந்தார்கள். வசதி இருக்கிறவர்கள் எதற்கு வெளியே வர வேண்டும்? இந்தச் சின்ன விஷயம் எம்.ஏ. சமூகவியலுக்குத் தோன்றவில்லை.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். சீருடை போட்ட ஒரு பெண்ணின் முதுகு, தெருக்கோடியில் கடற்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பை கனமாக இருந்தது, அத்தனை புத்தகத்தையும் கொண்டுவந்திருக்கிறாள். வாட்ச்மேன் எத்திராஜ் அண்ணன் நெற்றியில் காட்டுகிற வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு, என் பட்டியலை வாசல் சுவரில் பார்த்தபடி நின்றார். "இந்த ஸ்டெல்லா பொண்ணு ஏழரைக்கே வந்து நின்னுச்சு. சூடு பாத்தேன், நார்மலு. லிஸ்ட்டப் பாத்தேன், செவப்பு. அப்பவும் போவாம நின்னுகினே இருந்துச்சு, இப்பதான் திருப்பி அனுப்ச்சேன்" என்றார். அப்புறம் வகுப்பு ஜன்னலைக் காட்டினார். "உள்ள பெஞ்சி காலியா கீது, வெளிய புள்ள நிக்குது. இன்னா லிஸ்ட்டு மிஸ்சு இது, எவன் போட்டான்?"

ஐஸ்கிரீம் டப்பா

அன்றைக்கே பத்தரை மணிக்குக் கடற்கரைக்குப் போனேன். படகுகள் வந்திருந்தன, மீனைக் கொட்டி ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, மணலில் ஏற்றி நிறுத்திய ஒரு ஃபைபர் படகின் நிழலில் சீருடையோடு ஒரு பெண், முழங்காலில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பா, அதற்குள் பாலித்தீன் சுற்றிய போன். கூவுகிறவர் ஒரு கூடையைச் சாய்க்க, தெறித்த மீன் செதில் ஒன்று நோட்டில் வந்து ஒட்டிக்கொண்டு பளபளவென்று மின்னியது. நான் ஜிகினா என்று நினைத்த ஜிகினா. நிமிர்ந்தாள். மீசையைக் கழித்துவிட்டால் அப்படியே அந்த நைனா முகம். ஊர் சொன்னது சரிதான்.

அவள் அப்பா ஜேசுதாஸ் அண்ணன் வலையை உதறிக்கொண்டே விவரம் சொன்னார். குப்பத்தில் வீட்டுக்கு ஒரு போன்தான், அது படகோடு போயாக வேண்டும். எஞ்சின் நின்றால் கரைக்குச் சொல்ல அதுதான் வழி. நாலு மணிக்குப் போகிற போன் பத்து மணிக்குத் திரும்பும். மீன் இறங்குவதற்கு முன்னால் டப்பாவைப் பிடுங்கிக்கொள்வது ஸ்டெல்லாவின் வேலை. "ஒம்போது மணி மிஸ் நீங்கதானா?" என்று அவள் எழுந்து நின்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கையில் வகுப்புக் குழு திறந்திருந்தது. வாங்கி மேலே தள்ளிப் பார்த்தேன். தினமும் ஒன்பதுக்கு என் கேள்வி. அதன் பிறகு நாற்பது குட்மார்னிங், ரோஜாப்பூப் படங்கள், சந்தேகங்கள். அவற்றுக்கெல்லாம் கீழே தினமும் பத்தேகாலுக்கு ஒரு வரி: 'ஸ்டெல்லா மேரி, ப்ரசென்ட் மிஸ்.' ஒருநாள் விடாமல். அவள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒன்பது ஐந்துக்குக் கேள்வியை மூடிவிட்டு நான்தான் காணாமல் போயிருக்கிறேன்.

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா ரோஸி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. முடிவாகிவிட்ட ஒரு விஷயத்தைத் தெரிவித்தார்: "பேரே இல்லாத ஸ்கூலுக்கு இன்னாத்துக்கு மிஸ்சு பையி? திங்கக்கெழமலருந்து அவங்க அத்தகூட கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்குப் போவட்டும்."

எனக்கு எதிராக நான்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு பாயிண்ட் எழுதிக்கொண்டு ஹெச்.எம். அறைக்குள் போனேன். ஒன்று, ஒன்பது மணி என்பது நகரத்து வீடுகளின் மணி. இரண்டு, பத்தேகாலும் ஒரு மணிதான். மூன்று, வீட்டுப்பாடம் ஒருநாள்கூடத் தவறவில்லை. நான்கில் நான் மேஜையைத் தட்டினேன். மேடம் தட்டிய இடத்திலிருந்து தன் காப்பி டம்ளரை நகர்த்தி வைத்தார். "போன வாரம் கூட்டத்துல ஒரு பொண்ணு எழுந்து நின்னு, இதுக்கு நேர் எதிராப் பேசிச்சு. மூணு தடவ சமத்துவம்னு சொல்லிச்சு. அதுக்கு முன்னாடி, வேலைக்கு வந்த அன்னைக்கு, போன் இல்லாத புள்ளைக்குச் சுவருன்னு சொல்லிச்சு. இந்த மூணு பேர்ல நான் யார்கிட்டம்மா பேசட்டும்?" என்றார்.

பாயிண்ட் எழுதிய தாளை மடித்துவிட்டேன். என் வரலாற்றிலேயே முதல்முறை. பதிவேட்டையாவது திருத்துங்கள் என்று கெஞ்சினேன். "திருத்த மாட்டேன். ஒன்பது மணிக்கு அவ வரல, அது நெஜம். பதிவேட்டுல அடிச்சுத் திருத்தற பழக்கம் எனக்குக் கெடையாது" என்றார். திங்கட்கிழமை, மார்க்கெட், அத்தை என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன். மேடம் கேட்டுக்கொண்டார். பிறகு என் பச்சை சிவப்புப் பட்டியலைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, அப்படியே தலைகீழாகத் திருப்பி மேஜையில் வைத்தார். நான் அடியில் போட்டிருந்த பெயரிலிருந்து எண்ணினார். ஒன்று, ஸ்டெல்லா மேரி. இரண்டு, கோகுல். இருபதாவது பெயரில் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பதினோரு பாயிண்டில் மீதி ஏழு பாயிண்ட் இன்னும் என் கையிலேயே இருக்கிறது. "லிஸ்ட்ட நீ சரியாத்தாம்மா போட்டிருக்கே. பள்ளிக்கூடம் யாருக்கு ரொம்பத் தேவைன்னு வரிசையா எழுதியிருக்கே. என்ன, தலைகீழாப் புடிச்சிக்கிட்டே."

திங்கட்கிழமை, ஒன்பது மணி

சொன்னால் வருவார்களா என்ற பயம் எனக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு ஜேசுதாஸ் அண்ணன் போனுக்குக் கூப்பிட்டு, பெயர் பட்டியலில் இருக்கிறது, முதல் பெயரே அவள்தான் என்றேன். 'ரோஸி இன்னா சொல்லுதுன்னு பாக்கணும் மிஸ்சு' என்று அவர் பட்டும் படாமலும் சொன்னார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டில் யாரோடும் விவாதம் பண்ணவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை இருபது பெஞ்சுக்கும் இருபது பேர். கோகுல் தூக்கக் கலக்கத்தோடு வந்தான். அவனைக் கொண்டுவந்து விட்ட அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்து, "சரித்திர நோட்ஸ் மட்டும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பிடுங்க மிஸ், பாதியில நிக்குது" என்றார். எத்திராஜ் அண்ணன் புதுப் பட்டியலை ஒட்டி, பழையதைக் கிழித்து, ஆடிக்கொண்டிருந்த சானிடைசர் மேஜையின் காலுக்கு அடியில் மடித்துச் செருகினார். எட்டு ஐம்பதுக்கு ரோஸி அக்கா மீன் கூடையோடு பள்ளி வழியாகப் போனார். கூட அத்தை மட்டும்தான் இருந்தார். ரோஸி அக்கா வாசல் பக்கம் தலையைத் திருப்பவில்லை, கையை மட்டும் பின்பக்கமாக நீட்டிப் பள்ளியைக் காட்டிவிட்டுப் போனார். உள்ளே போயாச்சு என்று அர்த்தம்.

ஒன்பது மணி அடித்தது. லேப்டாப் இல்லாமல், காகிதப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டேன். முப்பத்தொன்றுக்கு வந்தேன். ஐந்து மாதப் பழக்கம், நாக்கு தானாகவே "ஸ்டெல்லா மேரி, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுவிட்டது. வகுப்பு சிரித்தது. எத்தனையோ விவாதங்களை ஜெயித்து, கேட்ட கேள்விக்குப் பதில் வரும் வரை காத்திருக்க மட்டும் கற்றுக்கொள்ளாத என்னை நேராகப் பார்த்து, ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து எழுந்த ஸ்டெல்லா மேரி கொடுத்த பதில் இதுதான்: "ப்ரசென்ட் மிஸ். இப்பவாச்சும் கேக்குதா?"